மல்லிக்கு எண்ணெய், ரோஜாவுக்கு ஆவி: வீட்டுப் பூவின் மணத்தைப் பிடித்து வைக்க

மல்லிகையைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்தால் மணம் வராது, வெந்த வாடைதான் வரும். பன்னீர் ரோஜாவை எண்ணெயில் ஊறப் போட்டால் பச்சைப் புல் வாடை ஏறும். இரண்டையும் இப்படி மாற்றிச் செய்து பார்த்துவிட்டு, "வீட்டில் இதெல்லாம் சரிப்படாது" என்று விட்டவர்கள் பலர். நன்றாகவே சரிப்படும். எந்தப் பூ எப்போது மணக்கிறது, பறித்த பிறகு என்ன செய்கிறது என்று பார்த்து முறையைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

மல்லி, பிச்சி, நிலச்சம்பங்கி மூன்றும் செடியை விட்டுப் பிரிந்த பிறகும் மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். காலையில் மொட்டாகப் பறித்து வைத்தது ராத்திரி விரிந்து வீட்டையே தூக்குவது அதனால்தான். ரோஜா அப்படி இல்லை. பறிக்கும் நேரத்தில் இதழில் என்ன இருக்கிறதோ அவ்வளவுதான், வெயில் ஏற ஏற அதுவும் பறந்துவிடும். ஆகவே மல்லிக்கு வேண்டியது சூடே இல்லாமல், ராத்திரி முழுக்கப் பக்கத்தில் இருந்து மணத்தை வாங்கிக்கொள்ளும் ஓர் எண்ணெய். ரோஜாவுக்கு வேண்டியது பறித்த கையோடு ஆவி.

முதலில் செடி. நான் இருப்பது திண்டுக்கல். பூவுக்குப் பேர்போன நிலக்கோட்டை பக்கத்திலேயே இருக்கிறது. மல்லி நாற்று மட்டும் ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடம் பக்கமிருந்து வருவதைத்தான் வாங்குவேன். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கும் பெரும்பாலும் அங்கிருந்துதான் நாற்று போகிறது. அந்த மணலில் குச்சி நன்றாக வேர் பிடிக்கும். நர்சரியில் "தங்கச்சிமடம் நாற்றா?" என்று கேட்டு, வேர்ப்பகுதி ஈரமாகவும் துளிர் பச்சையாகவும் இருப்பதைப் பார்த்து எடுங்கள். ஜூனிலிருந்து நவம்பருக்குள் நடலாம்.

தரையில் நடுவதாக இருந்தால் ஓரடி நீளம், அகலம், ஆழத்தில் குழி எடுத்து நன்றாக மக்கிய தொழுவுரம் பத்து கிலோ போட்டு மண்ணோடு கலந்துவிடுங்கள். மாடியில் என்றால் 18 அங்குலப் பை. செம்மண் இரண்டு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. வெயில் குறைந்தது ஆறு மணி நேரம் வேண்டும். நிழலில் வைத்த மல்லி இலையாகத் தழைக்கும், பூக்காது. யூரியா போட்டாலும் அதே கதிதான்.

பூவின் அளவைத் தீர்மானிப்பது கவாத்து. நவம்பர் கடைசி வாரத்தில் செடியை முழங்கால் உயரத்துக்கு, அதாவது ஒன்றரை அடிக்கு வெட்டிவிட வேண்டும். காய்ந்த குச்சி, நோய்ப்பட்ட குச்சி, உள்பக்கமாகப் போகும் குச்சி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு உரம் வையுங்கள். வெட்ட மனசு வராமல் பாதியில் நிறுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயங்க வேண்டாம். மல்லி புதுத் துளிரின் நுனியில்தான் பூக்கும். பழைய குச்சியைக் காப்பாற்றினால் மார்ச் மாதத்தில் எண்ணிப் பார்க்கும் அளவுக்குத்தான் பூ கிடைக்கும்.

இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறைவு. லிட்டர் தண்ணீருக்கு ஐந்து கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்துத் தெளித்தால் சரியாகிவிடும். கோடையில் இலையின் அடியில் செஞ்சிலந்தி வரும், தண்ணீரைப் பீய்ச்சி அடித்தே விரட்டலாம். மொட்டில் துளை தெரிந்தால் உள்ளே புழு இருக்கிறது, அந்த மொட்டுகளைக் கிள்ளி அழித்துவிடுங்கள். ரொம்ப மீறினால் வேப்பெண்ணெய் ஐந்து மில்லியைச் சோப்புக் கரைசலோடு ஒரு லிட்டரில் கலந்து அடிக்கலாம். ஆனால் மணம் பிடிக்கப் பூ எடுப்பதற்குப் பத்து நாள் முன்பே அதையும் நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் எண்ணெய் மல்லியும் வேம்புமாக மணக்கும்.

அடுத்தது மொட்டுப் பொறுக்குவது. இதில்தான் கண்ணைப் பழக்கிக்கொள்ள வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்குச் செடி முன் நின்று பாருங்கள். ஒரே கொத்தில் மூன்று விதமான மொட்டு இருக்கும். அரிசி அளவில் பச்சையாக இருப்பது இன்னும் நாள் பிடிக்கும். பருத்து, ஆனால் அடிப்பக்கம் லேசாகப் பச்சை ஓடியிருப்பது நாளைக்கு. முழுக்க வெளுத்து, காம்புக்குழல் நீண்டு, நுனி இதழ்கள் இளகத் தொடங்கியிருப்பதுதான் இன்று ராத்திரி விரியப் போவது. நமக்கு அது மட்டும் போதும். நாளைய மொட்டைப் பறித்தால் அது விரியாமலே வாடும், எண்ணெய்க்குப் பச்சை வாடையைக் கொடுக்கும். பச்சைப் புல்லி இதழ்களையும் காம்பையும் கிள்ளிவிடுங்கள். மழையில் நனைந்த பூ, தண்ணீர் தெளித்த பூ எதுவும் ஆகாது. எண்ணெயைக் கெடுப்பது ஈரம்தான்.

இனி எண்ணெய். பிரான்சில் கிராஸ் ஊர்க்காரர்கள் கண்ணாடிச் சட்டத்தில் பன்றிக் கொழுப்பையும் மாட்டுக் கொழுப்பையும் கலந்து பூசி, அதன்மேல் மல்லிகையை அடுக்கி மணம் எடுத்தார்கள். கொழுப்பு கெட்டியாக நிற்பதால் பூ அதில் மூழ்காது, மூச்சுவிட்டபடி மேலேயே இருக்கும். நம் ஊரில் அதற்கு ஈடு தேங்காயெண்ணெய்தான். ஆனால் ஒரு சிக்கல். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழேதான் உறையும். அது உறையும் மார்கழியில் மல்லி பூக்காது. மல்லி கொட்டும் சித்திரையில் எண்ணெய் தண்ணீராக ஓடும். பூவை எண்ணெயில் முக்கிவிட்டால் மூச்சுமுட்டிச் சீக்கிரம் பழுத்துவிடும். இதற்கு வழி, துணி.

பழைய பருத்தி வேட்டித் துணியை வெந்நீரில் இரண்டு மூன்று தடவை அலசி, சோப்பு வாடை போனபிறகு நன்றாகக் காயவையுங்கள். அகலமான கண்ணாடித் தட்டு அல்லது எவர்சில்வர் தாம்பாளத்தில் அதை இரண்டாக மடித்துப் போட்டு, வாசனை நீக்கிய தேங்காயெண்ணெயை ஊற்றுங்கள். துணி முழுக்க ஊற வேண்டும், தட்டில் தேங்கக் கூடாது. செக்கு எண்ணெய் சமையலுக்கு நல்லதுதான், இந்த வேலைக்கு வேண்டாம். தேங்காய் மணம் மல்லியை அமுக்கிவிடும்.

துணிமேல் மொட்டுகளை ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். குவிக்கக் கூடாது. குவித்தால் நடுவில் இருப்பது புழுங்கிப் பழுப்பாகும். மேலே எண்ணெயில் நனைத்துப் பிழிந்த இன்னொரு துணியை, பூவில் படாமல், தட்டின் விளிம்பில் இழுத்துக் கட்டுங்கள். மேலே எழும் மணத்தை அது வாங்கிக்கொள்ளும். அடுப்பங்கரையில் வைக்காதீர்கள். எண்ணெய் எந்த வாடையையும் விடாது, மீன் குழம்பையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். வீட்டில் குளிர்ச்சியான, வெளிச்சம் படாத மூலை போதும்.

ராத்திரி எட்டு மணிக்கு மேல் பூ விரியும். காலையில் ஒவ்வொரு பூவாக எடுத்துவிடுங்கள். ஒன்றுகூடத் தங்கக் கூடாது, பழுப்பேறிய ஒரு இதழ் போதும் முழுத் தட்டுக்கும் புளித்த வாடை தர. சாயங்காலம் அதே துணியில் புதுப் பூ. இப்படிப் பத்து ராத்திரிகளுக்குக் குறையாமல் மாற்றிக்கொண்டே போக வேண்டும். முதல் மூன்று நான்கு நாள் எண்ணெயில் ஒன்றும் தெரியாது. அதற்குப் பிறகு ஒரு நாள் காலையில் பூவை எடுத்துவிட்டுத் துணியை முகர்ந்தால் மணம் துணியிலேயே நிற்கும். அந்தக் கட்டம் வந்துவிட்டால் கைவிடாமல் தொடருங்கள்.

முடிந்ததும் துணியைப் பிழிந்து, உயரமான கண்ணாடிப் பாட்டிலில் இரண்டு நாள் அசைக்காமல் வையுங்கள். பூவின் ஈரம் அடியில் தங்கும். மேலெண்ணெயை மட்டும் மெதுவாக வேறு பாட்டிலுக்கு இறுத்து, கரும்பழுப்பு பாட்டிலில் அடைத்து வையுங்கள். கிடைப்பது அத்தர் அளவுக்குக் காரமாக இருக்காது, மென்மையாக இருக்கும். ஆலையில் கரைப்பான் கொண்டு எடுக்கும்போதே ஆயிரம் கிலோ மல்லிக்கு ஒன்றிரண்டு கிலோ மெழுகுப் பசைதான் தேறும். நம் வீட்டுத் தட்டில் இவ்வளவு மணம் தங்குவதே பெரிது என்றுதான் எனக்குத் தோன்றும்.

எள்ளில் ஏற்றும் முறையும் உண்டு, நம் நாட்டில் வெகுகாலப் பழக்கம் அது. கழுவிக் காயவைத்த வெள்ளை எள் ஒரு அடுக்கு, பூ ஒரு அடுக்கு, மறுநாள் சலித்துவிட்டுப் புதுப் பூ. கடைசியில் அந்த எள்ளை ஆட்டினால் மணமுள்ள எண்ணெய். அருமையாக இருக்கும், ஆனால் ஒரு கிலோ எள்ளை ஆட்டித்தரச் செக்குக்காரர் இடம்தர மாட்டார். வீட்டில் சிறிய எண்ணெய் பிழியும் இயந்திரம் இருந்தால் முயலுங்கள்.

மல்லி எண்ணெயைச் சிமிழில் அடைத்துத் தடவிக்கொள்ளும் தைலமாகவும் செய்யலாம். தேன்மெழுகு பத்து கிராமை ஒரு கிண்ணத்தில் போட்டு, வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்குங்கள். அதில் சாதாரண வாசனையற்ற எண்ணெய் பத்து கிராம் கலந்து இறக்கி, ஓரம் வெளுத்துக் கெட்டியாகத் தொடங்கும்போது மல்லி எண்ணெய் இருபது கிராமை ஊற்றிக் கலக்கிச் சிமிழில் ஊற்றிவிடுங்கள். மல்லி எண்ணெயை அடுப்பில் காட்டவே கூடாது. மெழுகைக் குறைத்தால் நம் மே மாத வெயிலில் இளகிவிடும்.

நிலச்சம்பங்கிக்கும் இதே துணி, இதே முறை. ஒற்றை அடுக்குப் பூ உள்ள ரகத்தை நடுங்கள், அடுக்குச் சம்பங்கி பார்க்க அழகு, மணம் குறைவு. கிழங்கை ஜூன், ஜூலையில் ஊன்றினால் மூன்று நான்கு மாதத்தில் தண்டு வரும். மணம் கனமானது. மல்லித் துணியில் இதைக் கலக்காதீர்கள், மல்லி காணாமல் போய்விடும்.

இப்போது பன்னீர். இதற்கு இளஞ்சிவப்பு நாட்டுப் பன்னீர் ரோஜாதான். பூங்கொத்துக்கு விற்கும் நீளக்காம்பு ரோஜாவில் பெரும்பாலும் மணமே இருக்காது. செடிக்கு நல்ல வெயில், வாரம் ஒருமுறை மண்ணைக் கிளறிவிடுவது, வருஷத்துக்கு ஒருமுறை கவாத்து போதும். பூவை விடிந்ததும், ஏழு மணிக்கு முன், பாதி விரிந்த நிலையில் பறியுங்கள். பல்கேரியாவின் கசன்லாக் பள்ளத்தாக்கிலும் விடிகாலையில்தான் பறிக்கிறார்கள், காரணம் ஒன்றேதான்.

கால் கிலோ இதழ், ஒன்றரை லிட்டர் தண்ணீர். அகலமான இட்லிப் பானையின் நடுவில் ஒரு சிறிய முக்காலியோ கவிழ்த்த கனமான டம்ளரோ வைத்து, அதன்மேல் காலிக் கிண்ணம். தண்ணீரும் இதழும் சுற்றிலும், கிண்ணத்தின் வாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலே. மூடியைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதன் குமிழ் கிண்ணத்துக்கு நேராக வரும்படி வையுங்கள். மூடியின் ஓரத்தைக் கோதுமை மாவால் அடைத்துவிட்டு, குழிந்த மேல்பக்கத்தில் ஐஸ் கட்டியைக் குவியுங்கள். சிறு தீ. ஆவி மேலேறிக் குளிர்ந்த மூடியில் பட்டுத் துளியாகி, குமிழ் வழியாகக் கிண்ணத்தில் சொட்டும். ஐஸ் உருக உருகத் தண்ணீரை மொண்டுவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

அரை மணி நேரம், அல்லது கிண்ணத்தில் இருநூறு மில்லி, எது முதலில் வருகிறதோ அங்கே அடுப்பை அணையுங்கள். நல்ல மணமெல்லாம் முதலில் வந்துவிடும். அதன்பின் வருவது வெந்த இதழ் வாடை, ஏற்கெனவே இறங்கியதையும் கெடுக்கும். ரோஜா மணத்தில் முக்கியமான ஒரு பொருள் தண்ணீரில் கரையக்கூடியது என்பதால்தான் பன்னீரில் இவ்வளவு மணம் நிற்கிறது. மல்லிக்கு இந்தப் பானை உதவாததற்கு, சூடும் ஒரு காரணம். பன்னீரைக் கொதிநீரில் அலசிக் காயவைத்த பாட்டிலில் ஊற்றிப் பிரிட்ஜில் வையுங்கள். பதப்படுத்தும் பொருள் எதுவும் சேர்க்காததால் இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். கலங்கினால் கொட்டிவிடுங்கள்.

மரிக்கொழுந்தை எண்ணெய்க்கும் ஆவிக்கும் அலைக்கழிக்க வேண்டியதில்லை, நிழலில் காயவைத்துத் துணிப்பையில் கட்டிப் புடவைகளுக்கு நடுவே வைத்தாலே மாதக்கணக்கில் மணக்கும். பவழமல்லி விடிவதற்குள் உதிர்ந்து மணத்தையும் விட்டுவிடும், அதைச் செடியடியில் முகர்வதோடு சரி. எண்ணெயோ தைலமோ முதல்முறை தடவும்போது முழங்கையின் உள்பக்கம் ஒரு துளி வைத்து, ஒரு நாள் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

கடைப்பூ வாங்கிச் செய்யலாமா என்று கேட்பீர்கள். சந்தைப் பூவுக்கு மொட்டுப்புழுவுக்கென்று மருந்து அடித்தே கொண்டுவருகிறார்கள், பல மருந்துகள் எண்ணெயில் நன்றாகக் கரையக்கூடியவை. தலையில் வைத்து மறுநாள் எடுத்துப் போடும் பூ வேறு, பத்து ராத்திரிப் பூவின் மருந்தையும் சேர்த்துப் பிடித்த எண்ணெயைத் தோலில் தேய்ப்பது வேறு. மாடியில் நான்கைந்து பைகள் இருந்தால், கோடையில் ஒரு தட்டு நிரம்பும் அளவுக்கு மொட்டு வீட்டிலேயே கிடைத்துவிடும்.