கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் முன்பு

கிணற்றில் குதித்து நீந்திக்கொண்டிருக்கிற பன்னிரண்டு வயதுப் பையன் திடீரென்று துவண்டு மூழ்குகிறான். கூட இருந்தவர்கள் இழுத்துக் கரையில் போடுகிறார்கள். முகம் வெளுத்துக் கிடக்கிறது, கை கால் வெட்டி இழுக்கிறது, கண் மேலே செருகுகிறது. யாரோ ஓடிப்போய் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து கையில் திணிக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் விழித்துக்கொண்டு, "என்னாச்சு?" என்று தெளிவாகக் கேட்கிறான். இரும்பு பட்டதும் நின்றுவிட்டது என்று ஊர் சொல்லும். அப்புறம் வருஷக்கணக்கில் வலிப்பு மாத்திரை.

இரும்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அவனுக்கு வந்தது வலிப்பே இல்லை. தறிகெட்டு அடித்த இதயம் தானாகப் பழைய தாளத்துக்குத் திரும்பியது, அதனால் பிழைத்தான். அடுத்த முறை திரும்பாமலும் போகலாம். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் சோடியம், பொட்டாசியம், கால்சியம் போன்ற உப்புகள் போய்வரச் சின்னச் சின்ன வாசல்கள் உண்டு. இதயம் துடிப்பதும் தசை சுருங்குவதும் இவை சரியான நேரத்தில் திறந்து மூடுவதால்தான். அந்த வாசலைக் கட்டும் மரபணுவில் பிசகு இருந்தால் இந்தக் கோளாறு பிறவியிலேயே வருகிறது. இதில் அதிகம் தெரிந்தது 'லாங் கியூடி'. ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இதயம் மின்சார ரீதியாக இளைப்பாற எடுக்கும் நேரம் நீண்டுபோவது. ஈசிஜியில் கியூடி என்று அளப்பது இதைத்தான். ஏறக்குறைய 2,000 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது.

விழுந்தவரை வலிப்பு என்று முத்திரை குத்திவிட்டு ஈசிஜி எடுக்காமல் விடுவதுதான் நான் பார்க்கிற பெரிய தவறு. மூளை ஸ்கேன் எடுக்கிறோம், மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் ஈஈஜி எடுக்கிறோம், சில நிமிடத்தில் முடிகிற ஈசிஜியை மறந்துவிடுகிறோம். வலிப்பில் பெரும்பாலும் விழித்த பிறகும் கொஞ்ச நேரம் குழப்பம் இருக்கும். இதயத்தால் வந்த மயக்கத்தில் சட்டென்று தெளிவு வந்துவிடும். இன்னொன்று, விழுவதற்கு முந்தைய நொடியில் என்ன நடந்தது என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போதா, நீந்தும்போதா? அது லாங் கியூடி முதல் வகையைக் காட்டும். அலாரமோ போனோ அலறித் திடுக்கிட்டு எழுந்தபோதா? இரண்டாம் வகை. தூக்கத்திலா? மூன்றாம் வகையாக இருக்கலாம். மருத்துவருக்கு இந்த ஒரு வரி பெரிய உதவி.

ஈசிஜி தாளில் இயந்திரமே 'நார்மல்' என்று அச்சடித்துத் தருவதோடு நிம்மதியாகிவிடவும் கூடாது. லாங் கியூடி மரபணுப் பிசகு உள்ளவர்களில் சுமார் நாலில் ஒருவருக்கு ஓய்வில் எடுத்த ஈசிஜி சாதாரணமாகவே இருக்கும். ஓடினாலோ பதறினாலோ இதயம் தாளம் தப்பும் சிபிவிடி என்ற இன்னொரு கோளாறு, டிரெட்மில்லில் ஓடவிட்டால்தான் வெளியே வரும். ஓடும்போது விழுந்த பிள்ளைக்கு, இதய மின்னோட்டம் பார்க்கும் மருத்துவரே கியூடியைக் கையால் அளந்து பார்க்கட்டும். துடிப்பின் வேகத்துக்கு ஏற்பத் திருத்திய கியூடி 500 மில்லி விநாடியைத் தாண்டினால் ஆபத்து அதிகம்.

மருந்துக் கடையில் நின்று வாங்குவதிலும் கவனம் வேண்டும். அசித்ரோமைசின், ஃப்ளூகோனசோல், வாந்திக்குக் கொடுக்கும் ஆன்டான்செட்ரான், டாம்பெரிடோன் எல்லாம் கியூடியை இன்னும் நீட்டக்கூடியவை. வயிற்றுப்போக்கில் பொட்டாசியம் குறைந்திருக்கும் நேரத்தில் இவை சேர்ந்தால் ரொம்ப மோசம். நோயின் பெயரை ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்திருங்கள், பல் டாக்டரிடம் போனாலும் காட்டுங்கள்.

சரி, அதே வாசல்கள் தசையில் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு வருவோம். கல்யாணத்தில் வயிறு நிறையச் சாப்பிட்டுத் தூங்கிய இளைஞன், விடிகாலையில் எழுந்திருக்கப் பார்க்கிறான். கால் வரவில்லை. நினைவு தெளிவாக இருக்கிறது, பேச முடிகிறது, தொடையைத்தான் தூக்க முடியவில்லை. பக்கவாதம் என்று ஒருவர், காத்துக் கருப்பு என்று இன்னொருவர். அவசரத்தில், "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர்" என்று நாமே கேட்டு வாங்குகிறோம். பொட்டாசியம் குறைந்து வரும் முடக்கத்தில் அந்த பாட்டில் நிலைமையைக் கெடுக்கும். குளுக்கோஸ் இன்சுலினைத் தூண்டும், இன்சுலின் ரத்தத்தில் மிஞ்சியிருக்கும் பொட்டாசியத்தையும் செல்லுக்குள் தள்ளிவிடும். இரவுச் சாப்பாடு செய்த வேலையும் அதேதான்.

அப்படியென்றால் வீட்டிலேயே இளநீரும் வாழைப்பழமும் கொடுக்கலாமா? அதுவும் தவறு. பொட்டாசியம் ஏறுவதால் முடங்கும் வகையும் உண்டு, அதற்கு இளநீர் விஷம் மாதிரி. முடக்கம் இருக்கும்போதே ரத்தம் எடுத்துப் பொட்டாசியம் பார்ப்பது ஒன்றே வழி. கூடவே தைராய்டும் சிறுநீரகமும் பார்க்க வேண்டும். ஆசிய ஆண்களுக்குத் தைராய்டு மிகையாகச் சுரந்தும் பொட்டாசியம் குறைகிற முடக்கம் வருகிறது, தைராய்டைச் சரிசெய்தால் அது நின்றுவிடும்.

காலை மட்டும் பார்த்துவிட்டு நெஞ்சை விட்டுவிடுவதும் நடக்கிறது. ஆண்டர்சன்-தவில் என்ற கோளாறில் தசை முடக்கமும் தாளம் தப்பிய துடிப்பும் ஒரே ஆளுக்கு வரும். காரணமான கேசிஎன்ஜே2 மரபணு 2001இல் கண்டுபிடிக்கப்பட்டது. இதில் பொட்டாசியம் குறைந்தும் இருக்கலாம், கூடியும் இருக்கலாம், சரியாகவும் இருக்கலாம். சிறிய தாடை, தாழ்ந்த காது, உள்பக்கம் வளைந்த சுண்டுவிரல், ஒட்டிய கால்விரல்கள் சிலரிடம் தென்படும். 'அப்பா ஜாடை' என்று நாம் கொஞ்சிய சுண்டுவிரல்தான் சில வீடுகளில் நோயின் முதல் அடையாளம்.

மாத்திரையை நிறுத்துவதைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. இதயத் துடிப்பை அடக்கிவைக்கும் புரோப்ரனலால், நாடலால் சாப்பிடுகிறவர்கள், "ஒரு வருஷமா ஒண்ணும் வரல" என்று தாங்களாக விட்டுவிடக் கூடாது. ஒன்றும் வராததற்குக் காரணமே அந்த மாத்திரையாக இருக்கலாம். குழந்தை பெற்ற பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். லாங் கியூடி இரண்டாம் வகையில் பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் ஆபத்து கூடுகிறது.

விழுந்த பிள்ளையை மட்டும் பரிசோதித்துவிட்டு வீட்டில் மற்றவர்களை விட்டுவிடாதீர்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. சொந்தத்தில் கல்யாணம் செய்யும் நம் குடும்பங்களுக்கு இன்னொன்றும் உண்டு. 1957இல் நார்வேயில் ஜெர்வெல், லாங்கே-நீல்சன் என்ற இரு மருத்துவர்கள், பிறவியிலேயே காது கேளாத பிள்ளைகள் மயங்கி விழுந்து இறப்பதை ஒரு குடும்பத்தில் கண்டு எழுதினார்கள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பிசகு வந்து சேர்ந்தால் வருவது அது. காது கேளாத பிள்ளை ஒருமுறை மயங்கினாலும் ஈசிஜி எடுத்தாக வேண்டும். தண்ணீரில் போன சித்தப்பா, தூக்கத்திலேயே போன அத்தை என்று வீட்டில் பேசிக்கொள்கிற சாவுகளையும் மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

விழுந்தவர் மூச்சு விடவில்லை என்றால் சாவியைத் தேடாதீர்கள். 108க்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வையுங்கள். பெரியவர் என்றால் இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக நெஞ்சின் நடுவில் வைத்து, 5 சென்டிமீட்டராவது அமுங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். சின்னப் பிள்ளைக்கு ஒரு கை போதும், நெஞ்சின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு அமுங்க வேண்டும். தண்ணீரிலிருந்து தூக்கியவர் என்றால் வாயோடு வாய் வைத்து மூச்சும் ஊதுங்கள். ஆம்புலன்ஸ் வந்து அவர்கள் கைமாற்றிக்கொள்ளும்வரை நிறுத்த வேண்டாம்.