ரோட்ரீகஸ் என்னும் ஸ்பானியக் குடும்பப்பெயரின் வேரைத் தேடுவது எப்படி?

முதலில், தேடப்படுபவரின் இரண்டு குடும்பப்பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்பானிய வழக்கில் தந்தைவழிப் பெயரை அடுத்துத் தாய்வழிப் பெயர் வரும். ரோட்ரீகஸ் போன்ற பரவலான பெயரில் ஆளை அடையாளம் காட்டுவது பெரும்பாலும் அந்த இரண்டாம் பெயர்தான்.

அடுத்து, ஸ்பெயின் தேசியப் புள்ளியியல் நிறுவனத்தின் இணையதளத்தில் அப்பெயரின் மாகாணவாரிப் பரவலைப் பாருங்கள். மொத்த எண்ணிக்கையை நம்பினால் மாட்ரிட் போன்ற பெருநகரங்களே முன்னால் நிற்கும். ஆகவே, ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் என்ற விகிதத்தைப் பாருங்கள். ஸ்பெயினின் வடமேற்கிலுள்ள கலீசியாவின் ஓரென்சே மாகாணமும் கானரித் தீவுகளும் அப்போது தெளிவாகத் தெரியும்.

மூன்றாம் படி, பெயரின் பொருளைப் புரிந்துகொள்வது. தேடல் பெரும்பாலும் இங்கேதான் சிக்கிக்கொள்கிறது. ரோட்ரீகஸ் என்றால் ரோட்ரிகோவின் மகன். இடைக்காலத்தில் இத்தகைய பெயர் தலைமுறைதோறும் மாறியது. எல் சித் எனப் புகழ்பெற்ற 11ஆம் நூற்றாண்டு வீரர் ரோட்ரிகோ தியாஸின் தந்தை தியேகோ லைனெஸ், மகனோ தியேகோ ரோட்ரீகஸ். ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறைக்கு மூன்று பெயர்கள். பிற்காலத்தில் இப்பெயர்கள் பரம்பரைப் பெயர்களாக நிலைத்தபோது, ஒன்றோடொன்று தொடர்பில்லாத எத்தனையோ ரோட்ரிகோக்களின் வழித்தோன்றல்கள் ஒரே பெயரைப் பெற்றனர். எனவே "ரோட்ரீகஸ் குலச்சின்னம்" என்று விற்கப்படும் படங்களுக்குப் பணம் செலவழிக்காதீர்கள். சின்னம் குறிப்பிட்டதொரு வம்சத்துக்கு உரியதே தவிர, பெயருக்கு உரியதன்று.

பிறகு ஆவணங்கள். நாடு தழுவிய குடிமைப் பதிவு 1871இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய காலத்துக்குத் தேவாலய ஞானஸ்நானப் பதிவேடுகளே துணை. பழைய கையெழுத்தில் இப்பெயர் பல இடங்களில் முழுதாக இராது. தொடக்க எழுத்தையும் இறுதி எழுத்தையும் மட்டும் எழுதி, இறுதி எழுத்தைச் சற்று மேலே தூக்கியிருப்பார்கள். இறுதி எழுத்து 'எஸ்', 'இசட்' என மாறியும் வரும் என்பதால் இரண்டு வடிவங்களிலும் தேடுங்கள். தொடக்கத்துக்கு ஃபேமிலிசர்ச் என்னும் இலவச வம்சாவளித் தேடல் தளமே போதும். அமெரிக்கக் கண்டத்துக்குக் கப்பலேறியவர்களுக்கு, செவில்லே நகரின் 'இண்டீஸ்' (ஸ்பெயினின் பழைய கடல்கடந்த குடியேற்ற நாடுகள்) ஆவணக் காப்பகப் பதிவுகளைத் தரும் பாரெஸ் தளத்தையே நான் பரிந்துரைப்பேன். கியூபா, வெனிசுவேலா நாட்டு ரோட்ரீகஸ்களுக்குக் கானரித் தீவுகளையும் மறவாமல் பாருங்கள்.

பிலிப்பைன்ஸ் குடும்பங்களுக்கு இந்த வழி அப்படியே பொருந்தாது. அங்கே 1849இல் ஸ்பானிய ஆளுநர் கிளாவெரியாவின் ஆணைப்படி ஒரு பெயர்ப்பட்டியலிலிருந்து பலருக்குக் குடும்பப்பெயர்கள் வழங்கப்பட்டன. ஸ்பானியப் பெயரை மட்டும் கொண்டு ஸ்பானிய மூதாதையர் இருந்ததாக முடிவுகட்ட முடியாது.

பின்சேர்க்கை: பாட்டியின் பதிவு கிடைக்கவில்லை என்று வாசகர்கள் சிலர் எழுதியிருந்தார்கள். ஸ்பெயினில் பெண்கள் திருமணத்துக்குப் பின்னும் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்துக்கொள்வதால், கணவரின் பெயரை விட்டுவிட்டு, பாட்டியின் சொந்தக் குடும்பப்பெயர்கள் இரண்டையும் கொடுத்துத் தேடுங்கள்.