கல்யாணக் கேசட்டை வட்டுக்கு மாற்றும் முறை

1980களின் பிற்பகுதி முதல் 2000களின் தொடக்கம் வரை எடுக்கப்பட்ட கல்யாண வீடியோக்கள் பல, வி.எச்.எஸ். கேசட்டுகளாக இன்னமும் வீட்டு பீரோக்களில் கிடக்கின்றன. அவற்றை ஓட்டும் வி.சி.ஆர். டெக்கைத் தயாரித்து வந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய், 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. நாடா நலிவதோடு அதை ஓட்டும் கருவியும் அருகிவருவதால், இந்த வேலையைத் தள்ளிப்போடுவதில் லாபமில்லை. எந்த டிவிடி வட்டு வாங்குவது, எந்த மென்பொருள் நல்லது என்றுதான் பலரும் முதலில் விசாரிக்கிறார்கள். ஆனால் படத்தின் தரம் நாடா ஓடும் அந்த மூன்று மணி நேரத்திலேயே முடிவாகிவிடுகிறது.

முதலில் எந்தப் பிரதியை ஓட்டுவது என்று பார்க்க வேண்டும். ஸ்டுடியோக்காரர் பெரும்பாலும் மாஸ்டர் கேசட்டிலிருந்து பிரதியெடுத்தே பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் கொடுத்திருப்பார். ஒவ்வொரு பிரதியெடுப்பிலும் நிறமும் கூர்மையும் மங்கும். மாஸ்டர் கிடைக்குமா என்று ஸ்டுடியோவில் கேட்டுப் பார்க்கலாம். இல்லையென்றால் இரு வீட்டுக் கேசட்டுகளையும் வாங்கிக் குறைவாக ஓடியதை எடுத்துக்கொள்ளுங்கள். சொந்தபந்தமெல்லாம் இரவல் வாங்கிப் பார்த்த கேசட்டைவிட, யாரும் சீந்தாமல் கிடந்ததே பெரும்பாலும் மேலாக இருக்கும்.

கேசட்டின் முதுகுப்புறத்தில் உள்ள சிறு பிளாஸ்டிக் பட்டையை உடைத்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் டெக் தவறியும் அதன்மேல் பதிவு செய்யாது. பிறகு பக்கவாட்டில் உள்ள சிறு பொத்தானை அழுத்தியபடி முன்மூடியைத் தூக்கினால் நாடா தெரியும். அது மடிப்பில்லாமல் கருமையாகப் பளபளக்க வேண்டும். கண்ணாடிச் சாளரத்தின் வழியே நாடாச் சுருளின்மேல் திருநீறு தூவியது போல வெள்ளை படிந்திருந்தால் அது பூஞ்சை. கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் இது சாதாரணமாக வரும். அந்தக் கேசட்டை டெக்கில் போடவே கூடாது. பூஞ்சை, டெக்கில் படத்தைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்து ஓடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். அதைத் தனியே பிரித்து வைத்துத் துப்புரவு செய்யத் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.

டெக்கின் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு மேல்மூடியைக் கழற்றினால், சற்றுச் சாய்ந்து நிற்கும் பளபளப்பான உருளை தெரியும். ஹெட்டுகள் அதன் விளிம்பில்தான் இருக்கின்றன. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் உதிராத மென்தோல் துண்டை உருளையின்மேல் அசையாமல் வைத்துக்கொண்டு, மறுகையால் உருளையை மெதுவாகச் சுற்ற வேண்டும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் உடைந்துவிடும். காதுக்குப் போடும் பஞ்சுக்குச்சியும் ஆகாது. முழுவதும் உலர்ந்த பிறகு, கேசட்டை ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றுங்கள். பல ஆண்டுகள் அசையாமல் இருந்த சுருளின் இறுக்கம் சீராகும்.

டெக்கின் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்களை, படத்தைக் கணினிக் கோப்பாக மாற்றித் தரும் கேப்சர் கருவியிலும், அதை யு.எஸ்.பி. வழியாகக் கணினியிலும் இணைத்து, இலவசமாகக் கிடைக்கும் ஓ.பி.எஸ். போன்ற மென்பொருளில் பதியலாம். இந்தியக் கேசட்டுகள் நம் ஊர் டிவி முறையான பி.ஏ.எல்.லில் பதிவானவை என்பதால், 720க்கு 576 அளவும், நொடிக்கு 25 சட்டங்களும் (ஃபிரேம்களும்), 4:3 விகிதமும் வைக்க வேண்டும். அகலத் திரைக்காக இழுத்தால் மணமக்கள் குட்டையும் குண்டுமாகத் தெரிவார்கள். டொராண்டோவிலோ அமெரிக்காவிலோ உள்ள உறவினர் அனுப்பிய கேசட் அங்குள்ள டிவி முறையான என்.டி.எஸ்.சி.யில் இருக்கக்கூடும், அதற்கு இரு முறைகளையும் ஓட்டும் மல்டி சிஸ்டம் டெக் தேவை.

படத்தில் பனிக்கோடுகள் ஓடினால் டெக்கில் உள்ள டிராக்கிங் பொத்தானை அவை மறையும்வரை திருப்புங்கள். அடிவிளிம்பில் மட்டும் நடுங்கும் கோடு வி.எச்.எஸ்ஸின் இயல்பு, பழைய டிவிகள் அதைத் திரையின் ஓரத்துக்குள் மறைத்துவிட்டதால் நாம் பார்த்ததில்லை. நாதஸ்வரம் ஒரு பக்கமும் உதட்டசைவு ஒரு பக்கமுமாக ஒலி விலகினால், நாடாவின் சமிக்ஞை தடுமாறிச் சட்டங்கள் விடுபடுகின்றன என்று பொருள். டெக்குக்கும் கேப்சர் கருவிக்கும் நடுவே ஒரு டிவிடி ரெக்கார்டரை இணைத்து, அதன் வழியே படத்தை அனுப்பினால் பல நேரங்களில் இது சரியாகிறது.

வட்டில் எழுதுவது எளிது. 4.7 ஜிபி டிவிடியில் சுமாரான தரத்தில் இரண்டு மணி நேரம் கொள்ளும். மூன்று மணி நேரத்தையும் ஒன்றிலேயே திணித்தால் கூட்டக் காட்சிகள் கட்டம் கட்டமாகச் சிதறும். வரவேற்பை ஒரு வட்டிலும் முகூர்த்தத்தை இன்னொன்றிலும் பிரித்து எழுதுங்கள். காகித லேபிள் ஒட்டாமல், வட்டுக்கான மார்க்கரால் பெயரும் தேதியும் குறித்தால் போதும். மடிக்கணினிகளில் வட்டு இயக்கியே இல்லாமல் போய்க்கொண்டிருப்பதால், கேப்சர் செய்த மூலக் கோப்பை ஹார்டு டிஸ்கிலும் ஒரு பிரதி வைத்திருக்க வேண்டும். வேலை முடிந்ததென்று கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடாமல், முழுக்கச் சுற்றி, உறைக்குள் போட்டு, ஸ்பீக்கருக்கு அருகில் இல்லாத உலர்ந்த அலமாரியில் நிறுத்தி வையுங்கள்.