ஆங்கிலப் பெயர்ச்சொற்களைக் கற்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐஇஎல்டிஎஸ் போன்ற தேர்வுகளுக்குத் தயாராகிறவர்கள் நோட்டின் ஒரு பக்கம் ஆங்கிலச் சொல்லையும் மறுபக்கம் அதற்கு ஒற்றைத் தமிழ்ப் பொருளையும் எழுதி மனப்பாடம் செய்வது வழக்கம். ஒரு பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ள அது போதும். அந்தச் சொல்லை வைத்துச் சொந்தமாக எழுத முற்படும்போதுதான் குறை தெரியவரும். ஏனெனில் ஒரு பெயர்ச்சொல் பன்மை ஏற்குமா, எந்த வினையோடு வரும், 'இன்', 'ஆஃப்' போன்ற எந்த முன்னிடைச்சொல்லைச் சேர்த்துக்கொள்ளும் என்பவற்றை அந்த நோட்டு சொல்வதில்லை.

மிகுதியாக நேரும் பிழை பன்மையில்தான். தகவல்கள், அறிவுரைகள், சான்றுகள், கருவிகள் என்று 'கள்' விகுதி சேர்த்துப் பழகிய நாம், அதே போக்கில் இன்ஃபர்மேஷன்ஸ், அட்வைசஸ், எவிடென்சஸ், எக்யூப்மென்ட்ஸ் என்று எழுதிவிடுகிறோம். பொது வழக்கில் இவை பன்மை ஏற்பதில்லை. எண்ணிக்கை சொல்லியே ஆக வேண்டுமென்றால் 'டூ பீசஸ் ஆஃப் அட்வைஸ்' என்றுதான் சொல்ல வேண்டும். 'எக்ஸ்பீரியன்ஸ்' இன்னும் ஏமாற்றக்கூடியது: வேலை விண்ணப்பத்தில் பணி அனுபவத்தைக் குறிக்கும்போது அது ஒருமையிலேயே நிற்கும், வாழ்வில் நேர்ந்த தனித்தனி நிகழ்வுகளைக் குறிக்கும்போது மட்டும் பன்மையாகும். ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் போன்ற, கற்போருக்கான அகராதிகள் எண்ணத்தக்க பொருளுக்கு 'சி' என்றும் எண்ணமுடியாத பொருளுக்கு 'யு' என்றும் குறியிடுகின்றன. பொருளைப் பார்த்ததும் அகராதியை மூடிவிடுவதால் அந்தக் குறி கண்ணில் படுவதே இல்லை. இதற்கு நேரெதிரான பிழையும் உண்டு: 'கிரைட்டீரியா', 'ஃபெனாமினா' ஆகியவை பன்மை வடிவங்கள் என்பதை மறந்து அவற்றின் முன்னே ஒருமைக்குரிய 'எ' சேர்ப்பது. 'நான் இக்கல்லூரியின் அலம்னை (முன்னாள் மாணவர்கள்)' என்று ஒருவரே தம்மைப் பன்மையில் அழைத்துக்கொள்வதும் அந்த வகைதான். ஆண் என்றால் அலம்னஸ், பெண் என்றால் அலம்னா.

அடுத்தது, துணை வரும் சொற்களைத் தமிழிலிருந்து ஊகிப்பது. முயற்சியும் தவறும் நமக்குச் 'செய்'வனவாக இருப்பதால் 'டூ அன் எஃபர்ட்', 'டூ எ மிஸ்டேக்' என்று எழுதுகிறோம்; இரண்டுக்குமே உரிய வினை 'மேக்'. விலையில் ஏற்பட்ட உயர்வு 'இன்க்ரீஸ் இன் பிரைசஸ்' ஆகும். 10 சதவீத உயர்வு என்று அளவைச் சொல்லும்போதுதான் 'இன்க்ரீஸ் ஆஃப்' வரும். இல்லாமையைக் குறிக்கும் 'லாக்' பெயராக நிற்கும்போது 'ஆஃப்' வேண்டும், வினையாகும்போது கூடாது. 'ஷீ லாக்ஸ் ஆஃப் கான்ஃபிடன்ஸ்' என்பது பிழை.

உச்சரிப்பில் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். 'ரெக்கார்ட்', 'பெர்மிட்' போன்றவை பெயராகும்போது பொதுவாக முதல் அசையிலும், வினையாகும்போது இரண்டாம் அசையிலும் அழுத்தம் பெறும்.

அரிய சொற்களைத் தேடி ஓடுவது வீண் உழைப்பு என்பது என் கருத்து. மொழியியலாளர் ஆவெரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலில் உள்ள 570 சொற்குடும்பங்களே உயர்கல்வி வாசிப்பில் திரும்பத் திரும்ப வருபவை. அவற்றைக் குடும்பமாகவே படிப்பது நல்லது: 'அனலைஸ்' வினை, 'அனாலிசிஸ்' அதன் பெயர், 'அனாலிசீஸ்' பன்மை, 'அனலிஸ்ட்' அதைச் செய்பவர். அப்போதும், வினையே போதுமான இடத்தில் 'வீ மேட் அன் அனாலிசிஸ் ஆஃப்' என்று நீட்டாமல் 'வீ அனலைஸ்டு' என்று எழுதுவதே தெளிவு.