புதிய கடல்நீர்த் தொட்டி கலங்கினால் என்ன செய்வது?

கடல்மீன் வளர்க்கும் புதிய தொட்டியில் மணலைக் கொட்டி உப்புநீரை ஊற்றிய சில நிமிடங்களில் அதன் பின்கண்ணாடி கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். என் முதல் தொட்டியில் இதைக் கண்டு பதறி, ஒரே வாரத்தில் மூன்று முறை நீரை மாற்றினேன். கரைத்த உப்பெல்லாம் சாக்கடைக்குப் போனதே தவிர கலங்கல் போகவில்லை. மணலை நன்றாகக் கழுவியிருந்தால் அந்தப் பாடே இருந்திருக்காது.

மணலில் இருந்து தொடங்குவோம். அராகனைட் (கால்சியம் கார்பனேட் மணல்) என்று கேட்டு, 1 முதல் 2 மில்லிமீட்டர் பருமனுள்ளதாக வாங்குங்கள். அதைவிட நைசான மணல், பம்ப் ஓடும்போதெல்லாம் எழும்பிப் பறக்கும். 90 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் உள்ள தொட்டியில் 3 செ.மீ. உயரத்துக்குப் பரப்ப ஏறக்குறைய 18 கிலோ வேண்டும். கடற்கரை மணலை அள்ளி வராதீர்கள். தமிழகக் கரைகளில் அது பெரும்பாலும் குவார்ட்ஸ். இல்மனைட் போன்ற இரும்புக் கனிமங்களும் கலந்திருக்கும், கழிவு கலந்திருந்தால் இன்னும் மோசம்.

இனி கழுவுவது. இந்த ஒரு வேலையில் மட்டும் அவசரப்படாதீர்கள். பக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு மணல் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, அடிவரை கைவிட்டுக் கிளறுங்கள். அரிசி களைந்த கழுநீர் போல வெள்ளையாக வரும். வடித்துவிட்டு மீண்டும் கழுவுங்கள். பத்துப் பதினைந்து முறை ஆகலாம். பக்கெட்டின் அடி தெரிகிற அளவுக்கு நீர் தெளிந்ததும் கடைசியாக ஒரு முறை ஆர்.ஓ. நீரில் அலசுங்கள். பொட்டலத்தில் ஈரமாகவே வரும் ‘உயிர் மணல்’ மட்டும் விதிவிலக்கு. குழாய் நீரின் குளோரின் அதிலுள்ள பாக்டீரியாவைக் கொன்றுவிடும் என்பதால் அதைக் கழுவக் கூடாது.

கடல்நீர்த் தொட்டிக்கென விற்கும் உப்பைத் தனிப் பாத்திரத்தில், சிறு பம்ப் ஓடவிட்டுக் கரையுங்கள். 100 லிட்டருக்கு மூன்றரை முதல் நான்கு கிலோ வரை ஆகும். 25 டிகிரி வெப்பத்தில் ஒப்படர்த்தி (தூய நீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தி என்ற அளவு) 1.025 காட்ட வேண்டும். ஆர்.ஓ. நீரில் உப்பைச் சேர்க்க வேண்டும், உப்பின்மேல் நீரை ஊற்றக் கூடாது. செறிவு மிகுந்தால் கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து வெள்ளைத் தூளாகப் பிரிந்துவிடும். அது மறுபடி எளிதில் கரையாது. வீட்டுக் குடிநீர்க் கருவிகள் பல சுவைக்காக, ஆர்.ஓ. வடிகட்டலுக்கு உட்படாத நீரையே கொஞ்சம் திரும்பக் கலக்கின்றன. ஆகவே டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ள பொருள்களின் அளவு) பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள், பூஜ்யத்தை ஒட்டி இருப்பதே நல்லது.

பாறைகளை முதலில் கண்ணாடித் தரையில் நேரடியாக அமர்த்துங்கள். மணலின்மேல் வைத்தால், பிற்பாடு வளை தோண்டும் மீன்கள் அவற்றைச் சரித்துவிடும். பிறகு மணல். அதன்மேல் ஒரு தட்டை வைத்து, நீர் தட்டில் விழுந்து வழியும்படி மெதுவாக ஊற்றுங்கள்.

சில மணி நேரம் பம்புகளை நிறுத்தியே வையுங்கள். மிதக்கும் மணல் பம்புக்குள் சுழலும் இறக்கையான இம்பெல்லரைத் தேய்த்துவிடும். அதன்பின் பவர்ஹெட்டை (தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் பம்ப்) நீர்மட்டத்தை நோக்கித் திருப்பி ஓடவிடுங்கள். ஃபில்டரில் மெல்லிய பஞ்சு வைத்து, அழுக்கேறும்போதெல்லாம் மாற்றுங்கள். பாறைமேல் படிந்த தூசியைப் பெரிய சிரிஞ்சில் நீரை உறிஞ்சிப் பீய்ச்சினால் பஞ்சு பிடித்துக்கொள்ளும். ஒன்று முதல் மூன்று நாளில் பின்கண்ணாடி தெரியும்.

தெளிந்த நீர் சில நாள் கழித்து மறுபடி பால்போல் வெளுத்தால், ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு இரவு முழுவதும் அசைக்காமல் வையுங்கள். அடியில் தூள் படிந்தால் மணல் தூசி, பஞ்சு பார்த்துக்கொள்ளும். படியாமல் வெளுப்பாகவே இருந்தால் பெரும்பாலும் பாக்டீரியாப் பெருக்கம். நீரை மாற்ற வேண்டாம், மருந்து ஊற்ற வேண்டாம். அந்த பாக்டீரியா ஆக்சிஜனை வேகமாகச் செலவழிக்கும் என்பதால் ஏர் பம்பை மட்டும் நிறுத்தாமல் ஓடவிடுங்கள். சில நாளில் தானாக அடங்கும்.

நீர் தெளிந்த அன்றே கோமாளி மீன் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள், தயவுசெய்து. மீனுக்கு நஞ்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். சோதனைக் குழாய் காட்டினால்தான் நம்ப வேண்டும். இடையில் மணல்மேல் பழுப்புப் படலம் படர்ந்தால் அது டயட்டம் பாசி. மணலைக் கிளறாமல் விட்டாலே, அது வளரத் தேவையான சிலிக்கேட் தீர்ந்ததும் குறைந்துவிடும்.