ஈடி ஒன்றுதானே என்று அலாய் வீல் வாங்குகிறவர்களுக்கு

போன வாரம் ஒரு தம்பி நான்கு அலாய் வீல்களை டிக்கியில் போட்டுக்கொண்டு வந்தார். "அண்ணே, பழைய ரிம்மிலும் ஈடி 45, இதிலும் ஈடி 45. அப்படியே உட்கார்ந்துடும்" என்றார். ஈடி என்பது வீல் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே உட்காரும் என்று காட்டும் எண். ஒன்றைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன். 7.5ஜே என்று இருந்தது, அதாவது ஏழரை அங்குல அகலம். அவர் காரில் இருப்பது 6ஜே. இதே வசனத்தை இதே தெம்போடு நானும் ஒரு காலத்தில் சொன்னவன் என்பதால் அவரைத் திட்டவும் முடியவில்லை.

நாலு ஓட்டை ரிம்மை ஐந்து போல்ட் ஹப்பில் (வீலைப் பூட்டும் மையப்பகுதி) மாட்டப் பார்ப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அது மாட்டவே மாட்டாது, தானாகப் புரிந்துவிடும். மாட்டிய பிறகு கழுத்தை அறுப்பவை வேறு.

ஈடி எண் கூடினால் வீல் வெளியே வரும் என்று நினைப்பது

நேர் எதிர். கூடினால் உள்ளே போகும், குறைந்தால் வெளியே வரும்.

ஈடியை மட்டும் பார்த்து அகலத்தை மறப்பது

என்னை இன்னமும் எரிச்சல்படுத்துவது இதுதான். ரிம்மின் அகலத்துக்குச் சரிநடுவே ஒரு கோடு போடுங்கள். ஹப்போடு ஒட்டும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறதோ அதுதான் ஆஃப்செட். முகம் தெருப்பக்கம் தள்ளியிருந்தால் பிளஸ், காரின் உட்பக்கம் தள்ளியிருந்தால் மைனஸ். ஈடி என்பது இதற்கான ஜெர்மன் சொல்லின் சுருக்கம்.

ஆக, ஆஃப்செட் நடுக்கோட்டின் இடத்தைத்தான் சொல்கிறது. விளிம்பு எங்கே முடிகிறது என்று அது சொல்லாது. 6ஜே ரிம்மிலிருந்து 7.5ஜே போனால் அகலம் ஒன்றரை அங்குலம், அதாவது 38 மி.மீ. கூடுகிறது. ஈடி மாறாவிட்டால் வெளியே 19, உள்ளே 19 என்று விளிம்பு நகரும். வெளியே வருவது கண்ணுக்குத் தெரியும், அழகாகவும் இருக்கும். உள்ளே போன 19 மி.மீ.யை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

நானும் பார்க்கவில்லை. 195 டயரைக் கழற்றிவிட்டு 215 போட்டிருந்தேன். டயரே பக்கத்துக்கு 10 மி.மீ. பருத்துவிட்டது. (ரிம் நகர்ந்ததையும் டயர் பருத்ததையும் கூட்டக்கூடாது. இரண்டையும் தனித்தனியே அளந்து, எது அதிகம் துருத்துகிறதோ அதை எடுக்க வேண்டும்.) ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றினேன். தாராளமாகச் சுற்றியது. ஸ்ட்ரட்டுக்கும் (வீலின் உட்பக்கம் நிற்கும் சஸ்பென்ஷன் தூண்) டயருக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் இடம் இருந்தது, அது போதும் என்று நினைத்துக்கொண்டேன். வளைவில் வேகமாகத் திரும்பும்போது டயர் பக்கவாட்டில் நெளியும் என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை.

சில வாரம் கழித்து வீலைக் கழற்றினால் ஸ்ட்ரட்டில் பெயின்ட் போய் இரும்பு பளபளக்கிறது. டயரின் உட்சுவரில் சுற்றிலும் கத்தியால் கீறினாற்போல் ஒரு கோடு. பக்கச்சுவரில் அடிபட்ட டயருக்குப் பஞ்சர் ஒட்டி ஓட்டுவதெல்லாம் நடக்காது. புத்தம்புது டயர் இரண்டும் குப்பைக்குப் போயின.

அதோடு விட்டேனா? 5 மி.மீ. ஸ்பேசர் என்ற தகட்டை வாங்கி ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே சொருகினேன். ஈடி 40 ஆனது, உரசல் நின்றது, வேறு இரண்டு தொல்லைகள் வந்தன. ஹப்பின் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் உதட்டில்தான் வீல் மையமாக உட்கார வேண்டும். அந்த உதட்டில் பாதியை ஸ்பேசர் விழுங்கிவிட, வேகம் கூடியதும் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பித்தது. அதைவிட மோசம், நட் பிடிக்கும் மரை 5 மி.மீ. குறைந்துபோனது. ஸ்டட்டில், அதாவது ஹப்பிலிருந்து நீட்டும் மரைக் கம்பியில், நட் போதுமான சுற்று ஏற வேண்டும். என்னுடையது அதற்கு முன்பே நின்றுவிட்டது. அப்படியே எத்தனை நாள் ஓட்டினேன் என்று இப்போது நினைத்தாலும் கை சில்லிடுகிறது.

கணக்கு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. அகல வித்தியாசத்தில் பாதியை எடுங்கள். புது ஈடி எவ்வளவு குறைகிறதோ அதை வெளிப்பக்கம் கூட்டுங்கள், உட்பக்கம் கழியுங்கள். அந்தத் தம்பியின் காருக்கே போட்டுப் பார்த்தோம். 7.5ஜே ஈடி 35 என்றால் வெளியே 29, உள்ளே 9. உள்ளே துளியும் நகரக்கூடாது என்றால் ஈடி 26 வேண்டும். அப்போது வெளியே 38 போய் ஃபெண்டரை, அதாவது வீலுக்கு மேலுள்ள பாடித் தகட்டை, தாண்டிவிடும். 7ஜே ஈடி 38 என்றால் உள்ளே 6, வெளியே 20. அவர் காரில் அளந்த இடத்துக்கு இதுதான் பொருந்தியது. முகம் வாடிப்போயிற்று, பாவம். அகலமான ரிம்மின் மேல் அவ்வளவு ஆசை.

ஸ்டியரிங்கை நேராக வைத்தே சோதிப்பது

இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடித்துப் பாருங்கள். பின்சீட்டில் மூன்று பேரை ஏற்றி, ஒரு பள்ளத்தில் மெதுவாக இறக்கியும் பாருங்கள். பின்வீல் ஃபெண்டரில் தட்டுவது அப்போதுதான் தெரியும்.

தட்டவில்லை என்றால் எல்லாம் சரி என்று நம்புவது

வீல் வெளியே தள்ளத் தள்ள, ஸ்டியரிங் சுழலும் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரம் மாறும். விளிம்பு அல்ல, நடுக்கோடு சில மில்லிமீட்டர் நகர்ந்தால் பெரிதாகத் தெரியாது. 20, 25 என்று போனால் சாலையின் தடங்கள் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுக்கும். ஒரு பக்க வீல் மட்டும் மணலில் இருக்கும்போது பிரேக் போட்டால் ஸ்டியரிங் கையிலிருந்து வெடுக்கென்று திரும்பும். வீல் பேரிங்கும் சீக்கிரம் ஊளையிட ஆரம்பிக்கும்.

போல்ட் வட்டம் 98-ஐயும் 100-ஐயும் ஒன்றாக எண்ணுவது

போல்ட் ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டத்தில் 2 மி.மீ. வித்தியாசம் இருந்தாலும் நட் ஏறிவிடும். ஏறும், உட்காராது. வேண்டாம்.

பிரேக் காலிப்பரில் இடிக்காமல் ஆஃப்செட் பார்த்துக்கொள்ளும் என்று விடுவது

பார்த்துக்கொள்ளாது. ஸ்போக் எப்படி வளைந்திருக்கிறது என்பதைப் பொறுத்த விஷயம் அது. ஒரே ஈடியில் ஒரு டிசைன் தாண்டும், இன்னொன்று இடிக்கும். காலிப்பர் மேல் கொஞ்சம் களிமண்ணை அப்பி, வீலை மாட்டி ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றுங்கள். மிச்சமிருக்கும் மண்ணின் கனம் 3 மி.மீ.க்குக் கீழே என்றால் அந்த டிசைனை விட்டுவிடுங்கள்.