மாரியில் மிளகாய் நாற்றும் எல்.இ.டி. விளக்கும்

கிளிநொச்சியில் ஐப்பசி பிறந்தால் வானம் இருட்டிக்கொண்டே கிடக்கும். போன மாரியில் மழைக்குப் பயந்து மிளகாய் நாற்றுத் தட்டுகளை அறைக்குள் வைத்து, மேலே 100 வாட் எல்.இ.டி. பலகை ஒன்றைக் கட்டினேன். உயரம் மூன்று அடி.

பத்து நாளில் நாற்றுகள் நூல் மாதிரி நீண்டு சாய்ந்துவிட்டன. அம்மா பார்த்துவிட்டு, “தம்பி, உதுக்கு வெளிச்சம் காணாது” என்றார். சரி என்று ஒரேயடியாக அரை அடிக்கு இறக்கினேன். அது பெரிய பிழை. மூன்றாம் நாள் நுனி இலைகள் வெளிறி, ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டன. தட்டில் மண்ணுக்குப் பதிலாகப் போட்டிருந்த தும்புச்சோறும் (தேங்காய் நார்த்தூள்) மேலால் காய்ந்து கிடந்தது.

பிறகுதான் கைபேசியில் வெளிச்சம் அளக்கும் செயலியைப் போட்டு, இலை மட்டத்தில் வைத்துப் பார்த்தேன். வெளிச்சத்தை அளக்கும் அலகான லக்ஸில் 40,000க்கு மேல். இளம் நாற்றுக்கு வெள்ளை எல்.இ.டி.யில் 10,000 முதல் 15,000 போதும். கைபேசி அளவு துல்லியமில்லை, ஆனாலும் கண்ணை நம்புவதைவிட எவ்வளவோ மேல். கண் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் பழகி ஏமாற்றிவிடும்.

விளக்கை ஒன்றரை அடிக்கு ஏற்றி, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகியைப் பாதிக்குக் குறைத்தேன். தட்டின் மூலைகளிலும் அளந்தேன், நடுவைவிட அங்கே நன்றாகக் குறைவு. அதனால் தட்டுகளைத் தினமும் திருப்பி வைத்தேன். நாளுக்கு 14 மணித்தியாலம் வெளிச்சம், மீதி இருட்டு. நான்காம் இலை விட்டபின் வாரமொருமுறை திருகியைக் கொஞ்சம் கூட்டினேன். புதிதாக வந்த இலைகள் கரும்பச்சையாக, தண்டு கட்டையாக நின்றது. வெளிறிய பழைய இலைகள் மட்டும் பச்சைக்குத் திரும்பவில்லை.